நன்றி சொல்லும் பெட்டி

மைசூரில் பேச்சு வராதவர்களுக்கென்று ஒரு வாரியம் இருந்தது. அங்கே பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டும்வரை யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் அது இணை இயக்குநர் மஞ்சுநாத்தாக இருக்கும்.

வாரியத்தின் வாசலில் சக்கர நாற்காலிகள் ஏறுவதற்காக ஒரு சரிவுப் பாதை கட்டியிருந்தார்கள். அதில் யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் நெடுகக் குரோட்டன் தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஆகையால் சொர்ணலதாவை அவள் அப்பா காளியப்பன் படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனார். நாற்காலியைக் கடைநிலை ஊழியர் சித்தையன் பின்னால் தூக்கி வந்தார். அவர் தமிழ் புழங்கும் ஹனூர்ப் பக்கத்துக்காரர். காளியப்பன் வாயைத் திறந்ததுமே ஊர்க்காரர் என்று தெரிந்துகொண்டு, தொட்டிகளைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம் என்று காதோடு சொல்லி வைத்தார். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே தனியாக ஒரு பதவி இருந்தது.

சொர்ணலதாவுக்கு இருபத்திரண்டு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளையில் எங்கோ அடிபட்டு, கைகால்கள் அவள் சொன்னபடி கேட்காமல் போயின. நாக்கு அறவே கேட்காது. இடது கை முட்டி மட்டும் கொஞ்சம் சொல்பேச்சுக் கேட்கும். காதும் அறிவும் பழுதில்லாமல் இருந்தன. வீட்டில் பேசும் தமிழும், தெருவில் பேசும் கன்னடமும், ரேடியோவில் வரும் இங்கிலீஷும் அவளுக்குப் புரியும். ஆமாம் என்றால் கண்ணை மேலே உயர்த்துவாள். இல்லை என்றால் இறுக மூடிக்கொள்வாள். அந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் காலம் தள்ளியிருந்தாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. எங்கே வலி என்று அப்பாவும் அம்மா நாச்சம்மாளும் ஒவ்வோர் இடமாகக் கேட்டார்கள். தலையா, பல்லா, காதா, முதுகா என்று கேட்டவர்கள், வயிற்றைக் கேட்டபோது அவள் வலி தாங்காமல் கண்ணை மூடியிருந்தாள். இல்லை என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குடல்வால் வெடிக்கும் தறுவாயில் இருந்தது. பிழைத்தாள். ஆனால் தன் கேள்வியே தன் பிள்ளையைக் கொல்லப் பார்த்ததே என்பது காளியப்பன் மனசை விட்டுப் போகவில்லை.

அவர் தேவராஜ மொஹல்லாவில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆட்டோவில் ஏறிய ஒருவர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனம் ஒன்று வாரியத்துக்குப் பேசும் பெட்டிகளை இலவசமாக அனுப்பியிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பெட்டி. மேலே கட்டம் கட்டமாகப் பொத்தான்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒரு வார்த்தையைப் பேசிப் பதிந்து வைத்தால், பிறகு அந்தக் கட்டத்தை அமுக்கும்போதெல்லாம் பெட்டி அதை உரக்கச் சொல்லும். முட்டியால் குத்தினாலும் போதும். கேட்டவுடன் காளியப்பன் அந்த ஆளிடம் மீட்டர் காசைக்கூட வாங்க மறந்து நேராக வீட்டுக்கு வந்தார்.

மஞ்சுநாத் கொள்ளேகாலில் சில காலம் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் பேசுவார். அவர்களை உட்கார வைத்து விசாரித்தார். காளியப்பன் ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நோடி, இங்க பாருங்க காளியப்பனவரே, டில்லியில இப்ப சட்டம் வந்திருக்கு. இவங்களுக்காக வேற யாரும் பேசக் கூடாது. அவங்களே பேசணும். அது அவங்க உரிமை. உங்க மகளோட உரிமையை நீங்க பிடுங்கறதைப் பாத்துக்கிட்டு நான் இங்க உட்கார முடியாது."

"புள்ளைக்குப் பேச்சு வராதுன்னுதானுங்க சார் வந்திருக்கோம்."

"அதை அவங்க வாயால சொல்லட்டும்."

எல்லோரும் சொர்ணலதாவைப் பார்த்தார்கள். பேனா திறந்த நிலையில் எழுத்தர் காத்திருந்தார். சொர்ணலதா முழு பலத்தோடு கண்ணை மேலே உயர்த்தினாள். மஞ்சுநாத்தும் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு எண்ணெய் போடச் சொல்லிச் சித்தையனுக்கு உத்தரவு பிறந்தது. பிறகு குறிப்பு எழுதப்பட்டது: மனுதாரருக்குப் போதிய அவகாசம் தரப்பட்டது, கோரிக்கை எதையும் அவர் தெரிவிக்கவில்லை.

அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் காளியப்பன் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஒவ்வொரு முறையும் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்ததால் இணை இயக்குநரின் கார் வெளியே போக முடியவில்லை. கருணை அடிப்படையில் சொர்ணலதாவை மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பினார்கள்.

மதிப்பீட்டு அதிகாரி நேர்மையானவர். நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். மேசைமேல் குடைப் படமும் பசு மாட்டுப் படமும் வைப்பார். குடை எது என்று கேட்பார். சரியாகத் தொட்டால் அறிவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அறிவு நன்றாக இருப்பவருக்கு வாரியத்தின் உதவி தேவையில்லை. தப்பாகத் தொட்டால் அறிவு போதவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் கையில் விலை உயர்ந்த பெட்டியைக் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

காளியப்பனுக்குத் தலை சுற்றியது. அப்படியானால் எதைத் தொட்டால் கொடுப்பீர்கள் என்று பணிவாகக் கேட்டார். அதைச் சொன்னால் விடையைச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும் என்று அதிகாரி மறுத்துவிட்டார்.

சொர்ணலதா குடையைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பள்ளம்தான் என்று புரிந்தது. ஒரு முடிவுக்கு வந்து தலையை அப்பாவின் தோளில் சாய்த்துத் தூங்கிப்போனாள். முதலில் நடிப்பாகத்தான் தொடங்கியது. அறை இதமாக இருந்ததால் அப்புறம் நிஜமாகவே தூக்கம் வந்துவிட்டது. அதிகாரி நெடுநேரம் யோசித்து, "நிலை ஊகத்துக்கு அப்பாற்பட்டது" என்று எழுதினார். விதிகளின்படி அப்படிப்பட்டவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.

பயிற்சி தருபவர் லீலா என்ற பெண். தற்காலிகப் பணியில் இருந்தாள். நிஜப் பெட்டிகள் பீரோவில் இருந்தன. பயிற்சியில் தேய்ந்துவிடும் என்பதால் அவற்றை வெளியே எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக அதே அளவில் அட்டையில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார்கள். கட்டங்களைக் கலர் பென்சிலால் வரைந்து, பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொட்டும் வைத்திருந்தார்கள். நிஜப் பெட்டியில் அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு ஏதாவது ஒரு கட்டத்தை அமுக்கினால், சுற்றி யார் பேசினாலும் அதில் பதிந்துகொள்ளும், மறுபடி சிவப்பை அமுக்கினால் நின்றுவிடும் என்று லீலா விளக்கினாள். அட்டையில் சொர்ணலதா கட்டத்தைக் குத்துவாள். பெட்டிக்குப் பதில் லீலா பேசுவாள்.

"தண்ணி வேணும்," என்பாள் லீலா. பிறகு தானே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வருவாள்.

ஆரம்பத்தில் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. சீக்கிரமே பழகிவிட்டது. சொர்ணலதா வேகமாகக் கற்றுக்கொண்டாள். கட்டங்கள் போதாமல் லீலா அட்டையின் பின்பக்கத்திலும் வரைந்தாள். வேலை, வீடு, கோபம், சினிமா, ஆபீசர், தூக்கம் எல்லாம் வந்தன. ஒருநாள் சொர்ணலதா ஆபீசரைக் குத்தி, அடுத்துத் தூக்கத்தைக் குத்தினாள். வார்த்தைகளால் அவள் சொன்ன முதல் நையாண்டி அது. லீலா தற்காலிகப் பணியாளர் என்பதால் சத்தம் வராமல் சிரித்தாள். சொர்ணலதாவுக்கு அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. நாற்காலி ஆட ஆட, எச்சில் வழிய, அடித்தொண்டையிலிருந்து சிரித்தாள். தான் சொன்னதைக் கேட்டு ஒருத்தர் சிரிப்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே, இந்த மனுஷனிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

பயிற்சி பிரமாதமாகப் போகிறது என்று லீலா மேலே தெரிவித்தாள். மஞ்சுநாத் மனம் குளிர்ந்துபோனார்.

"அட்டையே இவ்வளவு நல்லா வேலை செய்யுதா? அப்ப நிஜப் பெட்டியை எதுக்கு வெளிய எடுக்கணும்?"

அட்டை பேசாது, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட முடியாது என்று லீலா எடுத்துச் சொன்னாள். இவர்கள் எல்லாம் அடுத்த அறையைக் கூப்பிட ஆரம்பித்தால் அலுவலகத்தில் வேலை நடக்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார். காளியப்பன் அந்த அட்டையையாவது தரும்படி கேட்டுப் பார்த்தார். அது வாரியத்தின் அசையாச் சொத்து என்று பதில் வந்தது.

இப்படியே போயிருக்கும். இடையில் தசரா வந்துவிட்டது.

தசராப் பொருட்காட்சியில் ஒவ்வொரு துறையும் ஒரு அரங்கு போட வேண்டும். மற்ற துறைகள் அணைக்கட்டு பொம்மையும் ஆடும் நீரூற்றும் வைத்தபோது, வாரியம் பேசும் பெட்டியை வைப்பதென்று முடிவு செய்தது. மந்திரி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் முன்னால் பெட்டியை யாராவது பேச வைத்துக் காட்ட வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்களில் கைதேர்ந்தவள் சொர்ணலதாதான். அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் நிஜப் பெட்டியை அவளிடம் தருவதற்கு வாரியம் மனதைத் தேற்றிக்கொண்டது.

பெட்டியில் எந்த வார்த்தைகளைப் பதிவது என்று ஆராய ஒரு கமிட்டி கூடியது. லீலா 'வலிக்கிறது' என்ற சொல்லைப் பரிந்துரைத்தாள். பொருட்காட்சியில் அது அபசகுனம் என்றார்கள். 'வேண்டாம்' என்பதைச் சொன்னாள். அரசாங்கம் கொடுப்பதை வேண்டாம் என்பதா என்று முகம் சுளித்தார்கள். அப்புறம் எந்த மொழியில் பதிவது என்ற சண்டை வந்துவிட்டது. மாநில மொழியா, அவள் வீட்டு மொழியா, நாடு முழுவதும் புரியும் மொழியா என்று டீ வந்து போய் மறுபடி டீ வரும்வரை வாதாடினார்கள். கடைசியில் மஞ்சுநாத்தான் வழி கண்டுபிடித்தார். ஒரே வார்த்தையை எல்லா மொழியிலும் பதிந்துவிடலாம். அப்படியே ஆயிற்று. தன்யவாதகளு, நன்றி, தேங்க்யூ, தன்யவாத், சுக்ரியா என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவரே தம் கம்பீரமான குரலில் நன்றி சொன்னார். கடைசிக் கட்டத்துக்கு மொழி மிச்சமில்லாததால் அதைக் காலியாக விட்டார்கள்.

பொருட்காட்சித் திடலில் அன்று நல்ல கூட்டம். பஜ்ஜி வாசனையும் ராட்டின இரைச்சலுமாக இருந்தது. வாரியத்தின் அரங்கில் பெட்டிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. நாச்சம்மாள் மகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து அனுப்பியிருந்தாள். பெட்டியைச் சொர்ணலதாவின் மடிப்பலகையில் கொண்டுவந்து வைத்தார்கள். முட்டியால் மெல்லக் குத்தினாள். இணை இயக்குநரின் குரலில் அவள் நன்றி சொன்னாள். அடுத்ததைக் குத்தினாள். மறுபடியும் நன்றி. இருக்கிற கட்டமெல்லாம் குத்திப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து வாய் திறந்தால் வருவது இதுதானா என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மந்திரியின் கார் வருவதாக யாரோ சொன்னார்கள். மஞ்சுநாத் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, சித்தையனைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தார். அவள் அங்கே இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. எப்போதுமே யாரும் பொருட்படுத்துவதில்லை. சொர்ணலதா சிவப்புப் பொத்தானைப் பார்த்தாள். அட்டையில் எத்தனையோ முறை குத்திய இடம்தான். குத்தினாள். அப்புறம் கடைசிக் கட்டத்தைக் குத்தினாள். பெண் விளையாடுகிறாள் என்று நினைத்து மஞ்சுநாத் நிறுத்தாமல் பேசினார். அவர் முடித்ததும் மறுபடி சிவப்பைக் குத்தினாள்.

மந்திரி வந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. கேமராக்கள் மின்னின. பேச்சு வராதவர்களின் குரலாக வாரியம் விளங்குகிறது என்று மஞ்சுநாத் ஒலிபெருக்கியில் முழங்கினார். பிறகு மைக்கைப் பெட்டியருகே பிடித்து, அவளுடைய இதயம் இப்போது தன் சொந்த வார்த்தைகளில் பேசும் என்றார்.

சொர்ணலதா கடைசிக் கட்டத்தைக் குத்தினாள்.

திடல் முழுவதும் இணை இயக்குநரின் குரல் கேட்டது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மந்திரி அந்தப் பக்கம் போனதும் பெட்டியைப் பிடுங்கி பீரோவில வெச்சுப் பூட்டிடு. இதுங்க கையில குடுத்தா உடைச்சிடும், அப்புறம் நான் பதில் சொல்லணும். அந்த ஆளுக்கு என்ன தெரியப்போகுது? போட்டோ எடுத்தாப் போதும், சிரிச்சிட்டுப் போயிடுவார்."

ராட்டினம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆள் என்று சொல்லப்பட்டவர் புன்னகையை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு முறை கேட்கலாமா என்றார். சொர்ணலதா மறுக்கவில்லை. இரண்டாம் முறை பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாம் முறை பஜ்ஜிக் கடைப் பக்கத்திலிருந்து கூட்டம் கேட்டு வாங்கியது.

மந்திரி அரசியலில் ஊறியவர். இந்தப் பெட்டி இனிமேல் இந்தப் பெண்ணுக்கே சொந்தம், யாரும் பிடுங்க முடியாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் எல்லோரும் மஞ்சுநாத்தைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டிய இடம். அவர் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. ஒலி எதுவும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கைகள் ஒரு காரணமும் இல்லாமல் அசைந்தன.

அந்த நிலை எப்படிப்பட்டது என்று சொர்ணலதாவுக்குத் தெரியும். அவளுக்கு மனசு இளகிவிட்டது. முதல் கட்டத்தைக் குத்தினாள். மஞ்சுநாத்தின் சார்பில், அவருடைய சொந்தக் குரலிலேயே, பெட்டி மந்திரிக்கு நன்றி சொன்னது.

மறுநாள் லீலா வீட்டுக்கு வந்தாள். நாச்சம்மாள் காபி கொடுத்துவிட்டு, சோறு, தண்ணி, பாத்ரூம் என்று பதியச் சொன்னாள். சொர்ணலதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே புரியும். லீலா ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கேட்க, சாயங்காலம் வரை உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாள். வலிக்குது. அது இல்லை, வேற. கொஞ்சம் இருங்க, யோசிக்கிறேன். இப்படியாக, லீலாவின் குரலில் அவை பதிந்தன. பதிந்து முடித்ததும் அவள் முதலில் குத்தியது, "அப்பா, இங்க வாங்க" என்ற கட்டம். காளியப்பன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் எழுந்து வெளியே போய், மறுபடி உள்ளே வந்தார். "என்னங் கண்ணு?" என்று கேட்டவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சில வாரம் கழித்து, பெட்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்று காட்டிப் போக வாரியம் அழைத்தது. மஞ்சுநாத் அதே நாற்காலியில்தான் இருந்தார். மேலிடத்து விசாரணையில், குற்றம் பெட்டியின் மீதுதான் என்று தீர்மானமாகியிருந்தது. அவர் காளியப்பனிடம், உங்கள் மகளுக்குத் திருப்தியா என்று கேட்டார்.

"மத்தப் பெட்டியெல்லாம் எங்க?" என்றது பெட்டி, லீலாவின் குரலில்.

மஞ்சுநாத் லீலாவைத் தேடினார். லீலா அங்கே இல்லை. காளியப்பனைப் பார்த்தார். காளியப்பன் சட்டம் தெரிந்தவராகிவிட்டிருந்தார். "நாம பேசக் கூடாதுங்க சார்," என்றார்.

சொர்ணலதா மறுபடி குத்தினாள். மறுபடியும் குத்தினாள். வெளியே நடையில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவருகே வந்தார்கள். அவர்களில் ரவிக்குமார் என்பவருக்கு நாற்பது வயதிருக்கும். அவருக்கும் அவளைப் போலத்தான். வயதான அம்மாவோடு மாதாமாதம் வந்து அட்டையில் பயிற்சி எடுத்துக்கொண்டு போகிறவர். கதவைச் சாத்தச் சொன்னார் மஞ்சுநாத். சித்தையனுக்கு அன்று காது சரியாகக் கேட்கவில்லை. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, பீரோவின் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து நடையில் ஒருவர் பத்திரிகைக்காரர் மாதிரி ஜோல்னாப் பை மாட்டியிருந்தார். உண்மையில் அவர் குடிநீர்க் குழாய் ரிப்பேருக்கு வந்தவர். ஆனால் மஞ்சுநாத்துக்கு அது தெரியாது.

பீரோ திறந்தது. பெட்டி ரவிக்குமாரின் மடிக்கு வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மஞ்சுநாத் குனிந்து, பெரிய குரலில், எங்கே, எல்லோருக்கும் நன்றி சொல்லு பார்ப்போம் என்றார்.

ரவிக்குமார் நிமிர்ந்து சொர்ணலதாவைப் பார்த்தார். அவர் பெட்டியிலும் மஞ்சுநாத் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த நன்றியைத் தவிர வேறு எதுவும் இல்லை. சொர்ணலதா தன்னுடையதைக் குத்தினாள்.

"கொஞ்சம் இருங்க, யோசிக்கிறேன்."

மஞ்சுநாத் இருந்தார். மேசைமேல் அவருடைய டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. ரவிக்குமார் அவசரப்படவில்லை.